முள்ளும் எண்ணும்: ராமநாதபுரம் கரையில் பழைய ஜப்பான் வாட்ச் சேர்க்கத் தொடங்குபவருக்கு

ராமநாதபுரம் கரையில் பழைய வாட்ச் வாங்குவதென்றால், கையில் கொடுத்ததும் அதைத் திருப்பிப் போட்டுப் பின்மூடியைப் பாருங்கள். டயல் எங்கும் ஓடிவிடாது. இந்த உப்புக் காற்றில் முப்பது நாற்பது வருஷம் கிடந்த வாட்ச் என்ன பாடுபட்டிருக்கிறது என்பது பின்மூடியின் விளிம்பில்தான் முதலில் தெரியும்.

இங்கே நான் சொல்லப்போவது ஒரே ஒரு வகையைப் பற்றி: எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் செய்த, முள்ளும் எண்ணும் ஒரே முகத்தில் இருக்கும் கைக்கடிகாரங்கள். சேகரிப்பவர்கள் சுருக்கமாக 'அனா-டிஜி' என்பார்கள். 1969 டிசம்பரில் சீக்கோ குவார்ட்ஸ் முள் வாட்சைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1973-ல் அதே நிறுவனம் ஆறு இலக்கம் காட்டும் எல்சிடி வாட்சை விட்டது, 1974-ல் கேசியோ தன் முதல் டிஜிட்டலோடு வந்தது. அதற்குப் பிறகு சில வருஷம் வாங்குகிறவர்களுக்கு முள்ளா எண்ணா என்று ஒரே குழப்பம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று வந்தவைதான் இவை. பத்துப் பதினைந்து வருஷம் கொடிகட்டிப் பறந்து, பிறகு மவுசு குறைந்துபோனது. அதனால்தான் இன்னும் பெட்டி பெட்டியாக வீடுகளில் கிடக்கின்றன.

நம் கரையில் கிடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டு வாட்ச் இந்தியாவுக்குள் சுலபமாக இறக்குமதியாகாது. கடைக்குப் போனால் எச்.எம்.டி. இருக்கும். அதுவும் 1961-ல் சிட்டிசன் கூட்டில் பெங்களூரில் தொடங்கியதுதான். டைட்டன் பிறகு வந்தது. சீக்கோவும் கேசியோவும் ஆல்பாவும் இங்கே வந்து சேர்ந்தது பெரும்பாலும் சபராளிகளின், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களின், பெட்டிகளில். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் ஆள் போன ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. விடுமுறைக்கு வருகிறவர் மச்சானுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று வாங்கி வருவார். செல் தீர்ந்ததும் அதே செல் உள்ளூரில் கிடைக்காமல் பீரோவுக்குள் போகும்.

தேடுவது

எடுத்த எடுப்பில் இணையத்தில் வாங்காதீர்கள். முதலில் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கமோ உங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ வயதான ஒரு வாட்ச் ரிப்பேர்காரரைப் பழக்கம் பிடியுங்கள். அவர் மேசை இழுப்பறையில், யாரும் திரும்ப வந்து வாங்கிக்கொண்டு போகாத வாட்சுகள் நிச்சயம் கிடக்கும். ஓடுவதை எதிர்பார்க்க வேண்டாம். உடைந்த டிஜிட்டலைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகத்தான் இது. அரை நாள் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாலே பின்மூடி எத்தனை விதமாகத் திறக்கும் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் வீடுகள். தெரிந்தவர் மூலம்தான் போக வேண்டும். "காக்கா, வாப்பா சபர்ல இருந்து கொண்டு வந்த வாச்சு ஏதும் கிடக்குதா? ஓடலைன்னாலும் பரவாயில்ல" என்று கேட்டால், "அதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சு தம்பி" என்றுதான் முதல் பதில் வரும். அதை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பொறுத்தால், உள்ளேயிருந்து யாராவது ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குள் சாவிக்கொத்து, காலாவதியான பாஸ்போர்ட், அறுந்த செயின், ரியால் சில்லறை, நடுவில் ஒரு வாட்ச். இப்படி வரும் வாட்சில் செயின் பெரும்பாலும் முழுசாக இருக்கும். வெளிச் சந்தையில் அது அபூர்வம். டின்னில் தனியாகக் கிடக்கும் செயின் கண்ணியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கை அளவுக்குக் குறைத்தபோது கழற்றிய கண்ணியாக இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். ஆனால் அது கையில் காசு இல்லாத காலமும்கூட. அந்த நேரம் பார்த்து அடிமாட்டு விலைக்குக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என்ன வாட்ச், வெளியில் என்ன மதிப்பு என்று சொல்லிவிட்டே விலை பேசுங்கள். அந்த வீட்டிலேயே அடுத்த தடவையும் கதவு திறக்கும்.

எண்ணைப் படிப்பது

சீக்கோவின் பின்மூடியில் நான்கு எழுத்து, ஒரு சிறு கோடு, மறுபடி நான்கு எண் என்று இருக்கும். எச்558-5000 என்று இருந்தால், எச்558 உள்ளே இருக்கும் மெஷினின் எண், 5000 கேஸின், அதாவது வெளிக்கூட்டின், எண். இது தவிர ஆறு இலக்க வரிசை எண் தனியாக இருக்கும். அதில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை ஜனவரி முதல் செப்டம்பர். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. ஆக, எச்558 ஒன்றில் வரிசை எண் '3என்' என்று தொடங்கினால் அது 1983 நவம்பர். 1993 ஆக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். அந்த மெஷின் எண்பதுகளைச் சேர்ந்தது, அதனால் குழப்பமில்லை. மெஷின் எந்தக் காலத்தது என்று தெரியாமல் வரிசை எண்ணை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது.

சிட்டிசனிலும் பெரும்பாலும் முதல் இலக்கம் வருஷம், அடுத்த இரண்டு மாதம். கேசியோவில் பின்மூடியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மெஷின் எண் இருக்கும்.

பின்மூடியிலேயே கேஸ் எந்த உலோகம் என்றும் எழுதியிருக்கும். நம் ஊருக்கு அதுதான் முக்கியம். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நல்லது. 'பேஸ் மெட்டல்' என்று இருந்தால் உள்ளே இருப்பது பித்தளை மாதிரியான உலோகம், மேலே முலாம். 'எஸ்ஜிபி' என்றால் சீக்கோவின் தங்க முலாம். முலாம் போன இடத்தில் பச்சை பூத்திருந்தால், உப்பு அடியில் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் உதிரி பாகத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

எவற்றைத் தேடலாம்

சீக்கோ எச்558: 1982-ல் வந்தது. 150 மீட்டர் ஆழம் தாங்கும், அலாரமும் ஸ்டாப்வாட்சும் உண்டு. இப்படி முள்ளும் எண்ணும் சேர்ந்து டைவர் வாட்சாக வந்தது உலகிலேயே இதுதான் முதல். அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் எண்பதுகளில் திரையில் கட்டி வந்ததால் 'ஆர்னி' என்று பெயர். அதனால் விலையும் ஏறிவிட்டது. சீக்கோவே 2019-ல் இதே உருவத்தில் சூரிய ஒளியில் ஓடும் ஒன்றை விட்டது. அது எஸ்என்ஜே025, மெஷின் எச்851. நல்ல வாட்ச்தான், ஆனால் பழசு இல்லை. பழையதில் சுற்றியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கவசம் விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீக்கோ எச்357: மெல்லியது, பேன்ட் சட்டைக்கு ஏற்றது. தங்க முலாம் போட்டதும் உண்டு, ஸ்டீலும் உண்டு. என்னைக் கேட்டால் புதியவர் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

சிட்டிசன் அக்குவாலேண்ட், 1985. ஆழத்தை மின்னணு சென்சாரால் அளந்து எண்ணில் காட்டிய முதல் டைவர் வாட்ச். இடது பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும் சென்சாரை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம். சங்கு குளிக்கிற கரையில் இருப்பவர்களுக்கு இதன்மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் முதல் வாட்சாக வாங்க வேண்டாம். சென்சார் போய்விட்டால் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம்.

சிட்டிசன் அனா-டிஜி டெம்ப்: வெப்பநிலை காட்டும். கையில் கட்டியிருக்கும்போது உடம்புச் சூடும் சேர்ந்துகொள்ளும், கழற்றி வைத்தால்தான் சரியான எண் வரும். மே மாத ராமநாதபுரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்பது வேறு.

கேசியோ ஏடபிள்யூ-500, 1989. கேசியோவின் அடி தாங்கும் வரிசையான ஜி-ஷாக்கில் முள் வைத்து வந்த முதல் வாட்ச். பழையதில் வெளிப் பிளாஸ்டிக் வெயிலிலும் வேர்வையிலும் நொறுங்கும் பக்குவத்துக்கு வந்திருக்கும். ஸ்ட்ராப்பை வளைத்துப் பார்க்காதீர்கள், கையோடு வந்துவிடும்.

ஆல்பா, சீக்கோவின் தங்கை மாதிரி. வளைகுடாவில் நிறைய விற்றது, நம் வீடுகளில் நிறைய இருப்பதும் இதுதான். சேகரிப்பவர்கள் அலட்சியமாகப் பார்க்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கு நல்லதுதான்.

இரண்டு எச்சரிக்கை. கேசியோ ஏக்யூ-230 பார்க்கப் பழசு மாதிரி இருக்கும், ஆனால் இன்றும் புதிதாக விற்பனையில் உள்ளது. அதை 'துபாய் பழசு' என்று சொல்லி விற்பார்கள். அதேபோல எண்பதுகளில் ஹாங்காங்கிலிருந்து மலிவு அனா-டிஜிகள் குவிந்தன. பின்மூடியில் மெஷின் எண்ணும் வரிசை எண்ணும் முறைப்படி இல்லாமல், சீக்கோ பெயர் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முதல் மூன்று வாட்சும் ஒரே மெஷின் எண்ணில் இருக்கட்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. மூன்று செத்த எச்357 கிடைத்தால் அவற்றிலிருந்து ஓடுகிற ஒன்றைத் தேற்றிவிடலாம். மூன்று வெவ்வேறு அபூர்வ வாட்ச் செத்துக் கிடந்தால் மூன்றும் காட்சிப் பொருள்தான்.

வாங்கும் முன் சோதனை

முதலில் டிஸ்ப்ளே. அனா-டிஜியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முள் ஓடாவிட்டால் வழி உண்டு. எல்சிடி போனால் அதே மெஷினின் இன்னொரு வாட்சிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

செல் இல்லாமல் இருந்தாலும் எல்சிடியைப் பார்க்கலாம். ஓரத்திலிருந்து மை கசிந்ததுபோல் கறுப்பு படர்ந்திருந்தால் திரவம் கசிந்துவிட்டது, அதற்கு மருந்து கிடையாது. பழுப்பேறி மங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் போலரைசர் தாள் கெட்டிருக்கும், பொறுமையுள்ள ஆள் மாற்றிவிடுவார். ஓடும் வாட்சில் எண்ணின் ஒரு கோடு மட்டும் தெரியாமல் இருந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். எல்சிடிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர் பட்டை இருக்கும், வரிவரியாக இருப்பதால் ஜீப்ரா என்பார்கள். அது அழுக்கானாலோ நகர்ந்தாலோ இப்படித்தான் ஆகும். இன்னொன்று: தனுஷ்கோடி வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த வாட்ச் முழுக்கக் கறுத்துப் போயிருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதிகச் சூட்டில் எல்சிடி கறுக்கும், ஆறினால் திரும்பிவிடும்.

அடுத்து பட்டன்கள். உப்பும் அழுக்கும் ஏறி இறுகிய பட்டனை அழுத்தினால் உள்ளே போனது வெளியே வராது. விற்கிறவர் கண் முன்னால் பலமாக அழுத்திப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்து, பின்மூடியைத் திறந்து மெஷினை வெளியே எடுத்த பிறகு, மெல்லிய பிரஷ்ஷால் ஆல்கஹால் தொட்டுச் சுத்தம் செய்யலாம்.

செயினைக் கழற்றச் சொல்லி, கேஸின் கொம்புகளுக்கு நடுவிலும், செயினைப் பிடித்திருக்கும் சிறு கம்பியான ஸ்பிரிங் பார் நுழையும் ஓட்டைகளிலும் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் துரு பிடிக்காது என்று நினைப்போம். கடலுப்பில் இருக்கும் குளோரைடு, காற்றுப் படாத இடுக்குகளில் ஊசி குத்தியது மாதிரிக் குழி போடும். பின்மூடியின் வாஷர் உட்காரும் இடத்தில் அந்தக் குழி விழுந்திருந்தால், எத்தனை புது வாஷர் போட்டாலும் தண்ணீர் நிற்காது. பளபளப்பாக பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். எண்பதுகளின் சீக்கோவுக்கு அழகே கூரான விளிம்புகள்தான், பஃபிங் சக்கரம் அதைத்தான் முதலில் தின்னும்.

செல் போடுவது

பாதி வாட்சுகள் 'செத்தது' என்று ஒதுக்கப்படுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் வைத்துத் திறங்கள். அலாரம் உள்ள பல வாட்சுகளில் ஒலி எழுப்பும் தகடு பின்மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். மெஷினிலிருந்து அதற்கு மின்சாரம் கொண்டுபோவது ஒரு சின்னஞ்சிறு ஸ்பிரிங், கோலமாவுத் துளி அளவுதான். மூடியைத் தூக்கியதும் துள்ளி விழுந்துவிடும். அது தொலைந்தால் வாட்ச் ஓடும், அலாரம் மட்டும் வாய் திறக்காது. பழைய வாட்ச் பலவற்றில் அலாரம் ஊமையாக இருப்பதற்கு முன்பு செல் மாற்றியவரின் அவசரம்தான் காரணம்.

பழைய செல் கசிந்து வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால், பல் குத்தும் குச்சி நுனியில் துளி வினிகர் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடையுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்துக் காய விடுங்கள். சர்க்யூட்டின் செம்புக் கோடே அரித்துப் போயிருந்தால் அது உதிரிக்குத்தான்.

புது செல் வாங்கும்போது 'எஸ்ஆர்' என்று தொடங்கும் சில்வர் ஆக்சைடு கேளுங்கள். கடையில் முதலில் நீட்டுவது 'எல்ஆர்' என்ற அல்கலைனாக இருக்கும். அதன் வோல்டேஜ் போகப்போக இறங்கிக்கொண்டே வரும், டிஸ்ப்ளே மங்கி முள் தடுமாறும். சில்வர் ஆக்சைடு கடைசி வரை ஏறக்குறைய 1.55 வோல்ட்டிலேயே நிற்கும். எண்ணின் கடைசியில் 'எஸ்டபிள்யூ' என்றால் முள் மட்டும் ஓடும் சாதாரண வாட்சுக்கு. 'டபிள்யூ' மட்டும் என்றால் விளக்கும் அலாரமும் இழுக்கும் கூடுதல் மின்சாரத்துக்கு. அனா-டிஜிக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் பொருத்தம். எது வேண்டும் என்பதை மெஷினின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். மெஷின் எண்ணைப் போட்டுத் தேடினால் சீக்கோவின் கையேடுகள் பல கிடைக்கும்.

செல் போட்டாயிற்று, ஒன்றுமே தெரியவில்லை, அல்லது எண்கள் தாறுமாறாக வருகின்றன. சரி, இது எதிர்பார்த்ததுதான். மெஷினில் 'ஏசி' என்று சின்னதாக எழுதி ஒரு புள்ளி இருக்கும். சாமணத்தின் ஒரு முனையை அந்தப் புள்ளியிலும் மறு முனையை செல்லின் பிளஸ் பக்கத்திலும் வைத்து இரண்டு மூன்று விநாடி தொட்டு எடுங்கள். சர்க்யூட்டின் நினைவு துடைக்கப்பட்டு எண்கள் ஒழுங்காக வரும். ஓடவில்லை என்று கைவிட்ட வாட்ச் இந்த ஒரு தொடுதலில் எழுந்து உட்காருவதை வாட்ச் கடைகளில் அடிக்கடி பார்க்கலாம்.

முள்ளின் நேரமும் எண்ணின் நேரமும் பெரும்பாலான மெஷின்களில் தனித்தனியாக வைக்க வேண்டியவை. இரண்டும் ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம்.

உப்பிலிருந்து காப்பது

கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தாலும் காற்றில் உப்பு வரும். வாலிநோக்கத்தில் உப்பளம் நடப்பது சும்மாவா? கட்டிய வாட்சை இரவில் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். கட்டாதவற்றை, செல்லைக் கழற்றிவிட்டு, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். பீரோவில் பாச்சை உருண்டை இருக்கும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

திறந்த ஒவ்வொரு வாட்சுக்கும் புது வாஷர் போட்டு, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். அப்படியும் தண்ணீரில் நம்பிக்கை வைக்க வேண்டாம். பின்மூடியில் இருக்கும் 150 மீட்டர் என்பது 1982-ல் புதிதாக இருந்தபோது சொன்னது. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடப் போகிறவர்கள் வாட்சைத் தங்கும் அறையிலேயே விட்டுப் போகலாம்.

வெளியிலிருந்து வாங்குவது

உள்ளூரில் கை பழகிய பிறகு ஜப்பான் ஏலத் தளங்களுக்குப் போகலாம். அங்கே விற்பவர்கள் பொதுவாக நேர்மையாகக் குறை சொல்வார்கள். 'ஜங்க்' என்று போட்டிருந்தால் சோதிக்கவில்லை, திரும்ப எடுக்கமாட்டேன் என்று பொருள். அந்த வரிசையில் செல் தீர்ந்ததால் மட்டும் நிற்கும் வாட்சும் இருக்கும், உள்ளே அரித்துப் போனதும் இருக்கும். பின்மூடியைத் திறந்து எடுத்த படம் இல்லாததை நான் தொடுவதில்லை. இடைத்தரகர் கட்டணம், கப்பல் செலவு, சுங்கத் தீர்வை எல்லாம் கூட்டினால் வாட்ச் விலையைவிட அதிகமாகிவிடுவதும் உண்டு. பழைய பொருள் இறக்குமதிக்கு இருக்கும் கட்டுப்பாடுகளையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய ஒவ்வொன்றுக்கும் மெஷின் எண், வரிசை எண், எந்த ஊரில் யார் வீட்டிலிருந்து வந்தது, எப்போது என்ன செல் போட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல் போட்ட தேதியைப் பின்மூடியின் உள்பக்கம் கூரான ஊசியால் கீறி வைக்கும் பழக்கம் ரிப்பேர்காரர்களுக்கு உண்டு. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், ஒலித் தகட்டில் பட்டுவிடும். ஏற்கெனவே கீறியிருப்பதை மட்டும் படித்து நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். கடைசியாக எந்த வருஷம் அந்த வாட்ச் ஓடியது என்பதற்கு அதுதான் கிடைக்கிற சாட்சி.